விடியலை அணைக்க ஆணை இல்லை

"விழா மைதானத்தில் அமைக்கப்படும் எந்த விளக்கின் ஒளியும் மைதான எல்லைக்கு வெளியே உள்ள வீடுகள் மீதோ விளைநிலங்கள் மீதோ விழக்கூடாது. அப்படி விழுவதாகப் புகார் வந்தால் ஏழு நாட்களுக்குள் நடவடிக்கை எடுத்து, மனுதாரருக்கு எழுத்து மூலம் பதில் தர வேண்டும்."

எங்கள் ஊர் ஒளிக்கலை விழாவின் நிபந்தனைகளில் பதினான்காவது இது. விழாக் குழுவே எழுதி, விழாக் குழுவே அச்சிட்டு, விழாக் குழுவே தன் அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்தது. ஒட்டிய பசை நல்ல பசை. காகிதம் இன்னும் உரியவில்லை.

இது நடந்தது தேனியில், போன வருடம் புரட்டாசியில் தொடங்கி. நான் அல்லிநகரத்தில் இருக்கிறேன். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி, தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டியிருந்தாலும் எழுதிக் கொடுப்பது. பட்டா மாறுதலா, முதியோர் உதவித்தொகையா, குடிநீர் இணைப்பா, என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஒரு மனு எந்த மேஜைக்குப் போகும், அங்கிருந்து எந்த மேஜைக்குப் போகாமலே இருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இவ்வளவு தெரிந்து வைத்திருப்பதால் எனக்கு மிஞ்சியது களைப்பு மட்டும்தான்.

எங்கள் பின்வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். நாற்பதைத் தொடும் வயது. கணவர் திருப்பூரில் வேலை செய்கிறார். தீபாவளி, பொங்கலுக்கு வருவார். இவள் பல வருடங்களாக மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் கூலி வேலைக்குப் போய்வந்தாள். விடிவதற்கு முன்பே தெருமுனையில் ஜீப் வந்து ஹாரன் அடிக்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறி நெருக்கி உட்காருவார்கள். போடிமெட்டு வளைவுகளில் ஏறி இறங்கி வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு திரும்புவார்கள். ஒரு மழை நாளில் வளைவு ஒன்றில் அந்த ஜீப் கவிழ்ந்தது. யாரும் சாகவில்லை. இவளுக்குத் தோளருகே காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் தெருமுனையில் ஹாரன் கேட்டால் கை நடுங்குவது மட்டும் நிற்கவில்லை. கையில் தம்ளர் இருந்தால் காபி தளும்பும். நானே பார்த்திருக்கிறேன்.

அவள் மாமனார் வழியில் ஊர்க் கடைசியில் கொஞ்சம் நிலம் இருந்தது. மூடிக் கிடக்கும் பழைய பஞ்சாலையின் மதிலை ஒட்டிய நிலம். வருடக்கணக்கில் சும்மா கிடந்ததைச் சுத்தம் செய்து, ஆடியில் செவ்வந்தி நட்டாள். மாடும் மயிலும் நுழையாமல் இருக்க, எங்கள் பக்கத்து வழக்கப்படி பழைய சேலைகளைச் சுற்றிலும் வேலியாகக் கட்டினாள். கணக்கு எளிமையானது. செவ்வந்தி பொங்கலுக்குப் பூக்க வேண்டும்.

"பொங்கலுக்குப் பூத்துருச்சுன்னா நான் இனி ஜீப்பு ஏற மாட்டேன்க்கா. பூக்கலைன்னா ஏறித்தான் ஆகணும்" என்றாள். இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

அந்தப் பஞ்சாலை வளாகத்தில்தான் வருடந்தோறும் ஒளிக்கலை விழா நடக்கிறது. பஞ்சு மூட்டைகள் அடுக்கியிருந்த பழைய கிட்டங்கிகளில் ஓவியக் கண்காட்சி, புகைப்படக் கண்காட்சி. வெளியே திறந்த வெளியில் விளக்குகளாலான பெரிய படைப்புகள். நானும் போய்ப் பார்த்தேன். ஒரு கிட்டங்கியில் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் வாளிக்கு மேல் ஒற்றை பல்பு தொங்கியது. தலைப்பு 'தாகம்'. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். அங்குதான் மின்விசிறி இருந்தது. நியாயமாகச் சொன்னால், சில நன்றாகவே இருந்தன. ஓடாத நூற்பு இயந்திரத்தில் நூலுக்குப் பதிலாக ஒளிக்கோடுகள் ஓடுகிற மாதிரி ஒருவர் செய்திருந்தார். அந்த ஆலையில் முன்பு வேலை பார்த்த என் வயதுப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "இதுல நூல் அறுந்தா யாரு முடிச்சுப் போடுறது?" என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விழாவின் பெரிய படைப்புக்குப் பெயர் 'விடியல்'. தென்னை மர உயரத்துக்கு ஒரு இரும்புக் கோபுரம். அது நிறைய விளக்குகள். பொழுது சாய்ந்ததும் செம்மையாகத் தொடங்கி, மஞ்சளாகி, வெள்ளை வெளேரென்று ஆகி, காலை வரை அப்படியே நிற்கும். கோபுரத்தை மதிலை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். பாதி வெளிச்சம் மைதானத்தில், மீதி மதிலைத் தாண்டிச் செவ்வந்தித் தோட்டத்தில். அதாவது, பதினான்காவது நிபந்தனையின் மேல்.

தீபாவளிக்கு முன்னால் விழா நடந்தது. அதற்கு வெகு நாட்கள் முன்பே, சோதனை என்று சொல்லி விளக்கை எரியவிட்டார்கள். விழா முடிந்தது. பந்தல் பிரித்தார்கள், படங்களைக் கழற்றினார்கள், பஜ்ஜிக் கடைக்காரர்கூட அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். விடியல் மட்டும் தினமும் எரிந்துகொண்டிருந்தது. கோபுரத்தைப் பிரிக்க வேண்டுமானால் ஒப்பந்தக்காரர், கலைஞரின் பிரதிநிதி, குழு உறுப்பினர் மூவரும் சேர்ந்து கூட்டாய்வு செய்ய வேண்டுமாம். மூன்று பேருக்கும் பொதுவான நாள் கிடைக்கவில்லை. அதுவரை பொருட்களின் பாதுகாப்புக் கருதி விளக்கு எரிய வேண்டுமாம். விளக்கைப் பாதுகாக்க விளக்கு. என் பணிக்காலத்தில் இதைவிடச் சிக்கனமான வாக்கியத்தை நான் எழுதியதில்லை.

தீபாவளிக்குப் பிறகு செடிகளில் மொட்டு தெரிய வேண்டும். தெரியவில்லை. செடி இடுப்புயரம் வளர்ந்தது. இலை கரும்பச்சையாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக, ஒரு மொட்டுகூட இல்லாமல் நின்றது. நாற்று கொடுத்தவர்மேல் அவள் சந்தேகப்பட்டாள். உரக்கடையில் ஏதோ தெளிக்கச் சொன்னார்கள், தெளித்தாள். செடி இன்னும் கொஞ்சம் வளர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான் அங்கே இருந்தபோது ஜீப் பெண்கள் சிலர் அவளைப் பார்க்க வந்தார்கள். ஜீப்பில் டிரைவர் பக்கத்து முன்சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஒருத்தி அவர்களுக்குத் தலைவி மாதிரி. வாய் அதிகம்.

"என்னடி மொதலாளியம்மா, பூந்தோட்டம்னு சொன்ன, கீரைத்தோட்டமால்ல கெடக்கு?" என்றாள்.

"நீ வேற ஏன்க்கா, வயித்தெரிச்சல்."

அந்த நேரம் விடியல் பற்றிக்கொண்டது. தோட்டம் முழுவதும் சிவப்பு, பிறகு மஞ்சள், பிறகு கண்ணைக் கூசும் வெள்ளை. முன்சீட்டுக்காரி கையைக் குடைபோல் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"ஏத்தா, ராத்திரி பூராம் இப்படியா எரியுது? இதுல மனுசி தூங்க முடியுமா? பாவம், செடி என்ன பண்ணும், முழிச்சுக்கிட்டு கெடக்கு. தூங்காத செடி எங்கிட்டுப் பூக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரப்பைத் தாண்டி வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் மதிலோரச் சேலை வேலி கண்ணில் பட்டது. சேலையின் நிழல் விழுந்த முதல் வரிசையில் மட்டும் செடி குட்டையாக, நுனியில் மிளகளவு மொட்டுகளோடு இருந்தது. மோட்டார் ரூமுக்குப் பின்புறம் போய்ப் பார்த்தோம். அதன் நிழல் விழும் இடத்திலும் மொட்டு. நிழல் முடிகிற இடத்தில் கத்தியால் வெட்டினாற்போல் மொட்டும் முடிந்திருந்தது.

தோட்டக்கலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற என் தோழிக்கு அங்கிருந்தே போன் செய்தேன். செவ்வந்திக்கு நீளமான இருட்டு வேண்டும், இரவில் வெளிச்சம் பட்டால் இன்னும் காலம் வரவில்லை என்று நினைத்து வளர்ந்துகொண்டே இருக்கும் என்றாள். "சீக்கிரம் விளக்கை அணைக்கச் சொல்லு. இப்ப மொட்டு வச்சாத்தான் பொங்கலுக்குப் பூ" என்றாள்.

முதலில் காவலாளியிடம் போனோம். வயதான மனிதர், மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டில் இருந்துவிட்டு வந்தவர். நல்ல மனிதர்தான்.

"அமத்தலாம் மேடம். ஆனா கரண்டுப் பெட்டிச் சாவி காண்ட்ராக்டர்கிட்ட இருக்கு. அவுக மதுரைல இருக்காக. பியூசப் புடுங்குனா கேமராவும் சேந்து அமந்துபோகும். அப்புறம் ஒரு பல்பு காணாமப் போனாக்கூட என்னயத்தான் புடிப்பாக."

"யார் சொன்னால் அணைப்பீர்கள்?"

"ஆர்டர் வரணும் மேடம்."

"எரிய விட ஆர்டர் வந்ததா?"

அவர் யோசித்தார். "அது டைமர்ல தன்னால எரியுது" என்றார்.

மனு எழுதலாம் என்று சொன்னது அவள்தான். நான் சொல்லவில்லை. மனுவின் ஆயுள் எனக்குத் தெரியும். "வேற வழி பார்ப்போம்" என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"நம்ம பக்கம் நியாயம் இருக்குல்லக்கா? சட்டமும் அவுக செவத்துலயே ஒட்டியிருக்குன்னு நீங்கதான சொன்னீக? எழுதிக் குடுங்கக்கா. கையெழுத்து நான் போடுறேன்."

முப்பது வருடம் மனுக்களைக் கையாண்ட எனக்கு மனுமேல் நம்பிக்கை இல்லை. ஒரு மனுவும் கொடுத்திராத அவளுக்கு இருந்தது. எழுதினேன். பொருள், பார்வை, நிபந்தனை எண், கோரிக்கை எல்லாம் முறையாக. பதில் என் வீட்டு முகவரிக்கு வரும்படி போட்டேன்; அவள் பகலில் தோட்டத்தில் இருப்பாள்.

விழாக் குழு அலுவலகம் நகருக்குள் ஒரு மாடியில் இருந்தது. ஒருங்கிணைப்பாளர் மிக மரியாதையானவர். இருவருக்கும் நாற்காலி போட்டார், டீ சொன்னார், மனுவை முழுதாகப் படித்தார்.

"ரொம்ப இன்ட்ரஸ்டிங் மேடம். ஒளிக்கும் விவசாயத்துக்கும் இப்படி ஒரு உறவு இருக்கறது எங்களுக்கே தெரியாது. இத நீங்க எங்க கவனத்துக்குக் கொண்டு வந்ததுக்கு நன்றி."

"சார், வெளக்க எப்ப அமத்துவீக?" என்று அவள் கேட்டாள்.

"கமிட்டில வச்சுத்தான்மா முடிவெடுக்கணும். அடுத்த மீட்டிங்ல கண்டிப்பா வைக்கிறேன்."

"மீட்டிங் எப்ப சார்?"

"அதுக்கு ஒரு தேதி பிக்ஸ் பண்ணணும்."

ஒப்புகைச் சீட்டு கேட்டேன். கொடுத்தார். முத்திரைகூடத் தெளிவாக இருந்தது. படிக்கட்டில் இறங்கும்போது அவள் அதை இரண்டாக மடித்து ஜாக்கெட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சோர்வை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஏழு நாள் போனது. அதன் பிறகும் நாட்கள் போயின. விடியல் தவறாமல் உதித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்சீட்டுக்காரி ஜீப் பெண்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். ஒவ்வொருத்தி கையிலும் பழைய சேலைகள். சவுக்குக் கம்பு யார் யார் வீட்டிலிருந்தோ வந்தது. சேலைக்கு மேல் சேலை வைத்துத் தைத்து, மதிலோரம் நெடுக உயரமாகக் கட்டினார்கள். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். என் தகுதிக்கு அதுதான் முடிந்தது.

"இது என் கல்யாணச் சேலடி, பாத்துக் கட்டு" என்றாள் ஒருத்தி.

"அதுல இருக்க ஓட்டைல விடியலே முழுசாத் தெரியுது. இதக் கட்டுனா என்ன, கட்டாட்டி என்ன" என்றாள் முன்சீட்டுக்காரி.

"ஒன் சேலைய மட்டும் என்ன நேத்தா நெய்ஞ்சாக?"

கட்டி முடிக்கவும் விளக்கு எரியவும் சரியாக இருந்தது. கோபுரத்தின் ஒளி அத்தனை சேலைகளுக்குள்ளும் புகுந்தது. பச்சை, ஊதா, கருஞ்சிவப்பு, மஞ்சள். காற்றில் சேலை அசைய அசைய, அந்த நிறங்கள் செடிமேலும் பெண்கள்மேலும் அலைந்தன. வாயாடிகள் எல்லாரும் சும்மா நின்று பார்த்தார்கள். கிட்டங்கிக் கண்காட்சியில் நான் பார்த்த எதுவும் இதற்கு ஈடாகாது. சாலையில் போன இரண்டு பேர் வண்டியை நிறுத்தி, படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தப் படம் எங்கே போனதோ, மறுநாள் காலை விழாக் குழுவிலிருந்து பைக்கில் இரண்டு பேர் வந்து அவள் கையில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். கலைப்படைப்பின் காட்சிக்கு இடையூறாக அமைக்கப்பட்ட தடுப்பை உடனே அகற்ற வேண்டும். மனுவுக்குப் பதில் போட முடியாத அலுவலகம், சேலைக்கு ஒரே இரவில் நோட்டீஸ் போட்டிருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"கழட்டிறவாக்கா? கேஸு கீஸு போட்ருவாகளா?"

"கழற்றாதே" என்றேன். எனக்குள் உறங்கிக்கொண்டிருந்த கண்காணிப்பாளர் எழுந்து உட்கார்ந்தது அப்போதுதான். நோட்டீசுக்கு உடனே பதில் எழுதினேன். தடுப்பு அமைந்த இடம் எந்தச் சர்வே எண்ணில் வருகிறது? அதற்கான வரைபட நகல் வேண்டும். காட்சி என்பது மதிலின் எந்தப் பக்கத்திலிருந்து? அதை நிர்ணயித்த கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் வேண்டும். நோட்டீசில் கையெழுத்திட்டவருக்கு அந்த அதிகாரத்தை அளித்த ஆணையின் நகல் வேண்டும். இவை கிடைத்த பிறகு உரிய விளக்கம் அளிக்கப்படும். பணிக்காலத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்த அத்தனை பேரின் கடிதங்களையும் நினைவுக்குக் கொண்டுவந்து எழுதினேன். நான் எதிர்பார்த்தபடியே அந்தக் கோப்பு படுத்துவிட்டது. சேலைகள் நின்றன. தாமதம் என்ற ஒன்று ஒரு ஏழைக்குப் பயன்பட்டதை முதல் தடவையாகப் பார்த்தேன்.

ஆனால் கோபுரம் உயரம், சேலை குட்டை. மதிலை ஒட்டிய வரிசைகளுக்குத்தான் நிழல் கிடைத்தது. தோட்டத்தின் பெரும்பகுதி வெளிச்சத்திலேயே கிடந்தது. கார்த்திகை மழையில் சேலைகள் நனைந்து தொங்கின. காற்று கிழித்ததை அவள் தைத்தாள். நாள் தவறாமல் தைத்தாள். நான் இரண்டு நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன்.

மார்கழி கடைசியில் பூத்தது. மதிலோரம் சேலைகளின் நிழல் விழுந்த பட்டை, மோட்டார் ரூமின் நிழல் சாய்ந்த பகுதி. அவ்வளவுதான். மற்றதெல்லாம் பச்சை. காவலாளி என் போனை வாங்கிக்கொண்டு ஆலையின் மொட்டை மாடிக்கு ஏறிப் படம் எடுத்துக் கொடுத்தார். மேலிருந்து பார்த்தால், பச்சைத் துணியில் யாரோ மஞ்சளால் நிழல்களை வரைந்தது போல் இருந்தது. சேலையின் மேல்விளிம்பு தொய்ந்த இடத்தில் பூவின் எல்லையும் வளைந்திருந்தது. மோட்டார் ரூம் கூரையின் சரிவு, அதன் கதவோரம் அவள் சாத்தி வைத்திருந்த ஏணி, எல்லாம் பூவாகவே தெரிந்தன. படங்களைச் சான்றாக இணைத்து, இழப்பை விளக்கி, மூன்றாவது நினைவூட்டை அனுப்பினேன். இணைப்பு: புகைப்படங்கள்.

பூத்த பூ போதாது என்பது கூடையைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் அதைச் சந்தைக்குக் கொண்டுபோகவில்லை. சேலைகளைக் கழற்றித் துவைத்துக் காயவைத்து மடித்தாள். ஒவ்வொரு சேலையின் மடிப்பிலும் ஒரு கை செவ்வந்தி வைத்து, போகியன்று வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தாள். என் வீட்டுக்கு வந்தபோது, "நீங்க சேலை குடுக்கல. ஆனா ஊசி கோத்தீகல்ல" என்று பூவை மட்டும் தந்தாள்.

பொங்கல் முடிந்த அடுத்த திங்கட்கிழமை, தெருமுனையில் ஹாரன் கேட்டபோது நான் வாசலில் நின்றேன். அவள் தூக்குவாளியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். ஒரு கையால் பிடித்தால் மூடி ஆடிச் சத்தம் போடும். ஜீப்பின் பின்பக்கம் வழக்கம்போல் நிறைந்திருந்தது. முன்சீட்டுக்காரி இறங்கி நின்றாள்.

"நீ இங்கன ஒக்காருடி. ரோட்டப் பாக்காம டிரைவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வா. அவன் மூஞ்சியப் பாத்தா வேற எந்தப் பயமும் தெரியாது."

யாருக்கும் விட்டுக்கொடுக்காத இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அந்த மகராசி பின்னால் போய் நெருங்கி உட்கார்ந்தாள். ஜீப் போய்விட்டது.

தை கடைசியில் கோபுரத்தைப் பிரித்தார்கள். வேறு ஊரில் விழாவாம். கூட்டாய்வுக்குத் தேதி ஒரே நாளில் கிடைத்தது. இருட்டு வந்ததும் செடிகள் மொட்டு வைக்கத் தொடங்கின. பங்குனியில் தோட்டம் முழுக்க மஞ்சள். அப்போது அந்தப் பூவைக் கேட்பார் இல்லை. பறிப்பதற்கு அவளும் இல்லை. விடிவதற்கு முன்னால் ஜீப்பில் அந்த வழியாகத்தான் போவாள். விடியல் இல்லாததால் அங்கே ஒன்றும் தெரியாது. இருட்டிய பிறகு திரும்புவாள், அப்போதும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தன் தோட்டத்தைப் பார்த்தாள்.

அந்த மாதத்திலேயே ஒரு மாலை, விழாக் குழுவிலிருந்து ஒருவர் உறையைக் கையோடு கொண்டுவந்து என்னிடம் தந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கடிதத்தில் 'பார்வை' என்ற இடத்தில் நாங்கள் முதலில் கொடுத்த மனுவின் எண்ணே இருந்தது. அவள் வேலையிலிருந்து திரும்பியதும் வாளியைக்கூட இறக்கி வைக்காமல் வந்தாள்.

"என்னக்கா எழுதியிருக்காக?"

படித்துச் சொன்னேன். தாங்கள் புகைப்படங்களுடன் அனுப்பிய படைப்பு தேர்வுக் குழுவினரால் பெரிதும் பாராட்டப்பட்டது. அடுத்த விழாவின் கண்காட்சியில் அது இடம்பெற உள்ளது. படைப்புக்கு ஒரு தலைப்பும், கலைஞரைப் பற்றிய சிறுகுறிப்பும் அனுப்பி வைக்கவும். இத்துடன் தங்கள் கடிதம் முடிவு செய்யப்பட்டதாகக் கொள்ளப்படும்.

எப்படி நடந்திருக்கும் என்று என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். தபால் பிரிவில் யாரோ புகைப்படங்களைப் பார்த்திருக்கிறார்கள். புகைப்படம் என்றால் கண்காட்சி மேஜை. அங்கே கடிதத்தை யாரும் படிக்கவில்லை, படத்தைப் பார்த்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. நானும் அப்படிப்பட்ட மேஜையில் உட்கார்ந்தவள்தான்.

அவள் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சிரித்தாள். தோள் வலிக்கிறது என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

"அப்ப நானும் கலைஞராக்கா?"

"கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது."

"அந்தப் படத்தை எங்கன மாட்டுவாக?"

"கிட்டங்கியில். தலைப்பு என்ன வைக்க?"

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"படத்துக்கு மேல லைட்டு போடுவாகளாக்கா?"

"போடுவார்கள்."

"போட வேணாம்னு எழுதுங்க" என்றாள். "விழா முடிஞ்சதும் அமத்த ஆளு வராது."

எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒப்புகைச் சீட்டும் வாங்கியிருக்கிறேன். இப்போதும் விடியுமுன் தெருமுனையில் ஹாரன் கேட்கும்போது காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஜீப் கிளம்பிப் போகும் சத்தம் தேயும் வரை காத்திருக்கிறேன். அவள் கேட்ட இருட்டுக்கு ஏழு நாளில் இசைவு தந்திருக்க வேண்டிய பதில், எல்லா அலுவலகங்களிலும் வருடக் கணக்கை முடித்து நிலுவை ஒன்றுமில்லை என்று எழுதுகிற மார்ச் முப்பத்தொன்றாம் தேதிதான் அந்த உறையில் வந்து சேர்ந்தது.